ஈரத் துண்டு பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவனும் மூன்று லிஃப்டுகளுக்குப் பொறுப்பான மெக்கானிக்குமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அக்கா, தங்கள் அக்காவின் கோபம் ஆகிய மூவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. தாங்கள் என் எண்ணைத் தங்கள் போனில் தடை செய்துவிட்டீர்கள், குடும்பக் குழுவை விட்டும் வெளியேறிவிட்டீர்கள், தங்கள் அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இருபது வருஷத்துக்கு அப்புறம் காகிதம், பேனா, தபால் தலை என்று தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மட்டுமே வீட்டில் அரை மணி நேரம் தேடினோம்.

இந்தத் "தாங்கள்" எனக்குச் சரிப்பட்டு வராது மச்சான். மரியாதையாகத் திட்டுவதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும் போலிருக்கிறது, ஒரு பத்தி எழுதுவதற்குள் மூச்சு வாங்குகிறது. உன்னை அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும். நீ என்றே எழுதுகிறேன்.

ஏழு ஞாயிற்றுக்கிழமையாக நீ இங்கே சாப்பிட வரவில்லை. இதை நான் எண்ணவில்லை, உன் அக்கா எண்ணுகிறாள். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று பேருக்குச் சமைக்கிறாள், ஒன்றரை மணி வரை வாசலைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் இரண்டாவது கரண்டி சாதம் கேட்காமலே எழுந்துவிடுகிறேன். போன வாரம் வாயைத் திறந்தே கேட்டுவிட்டாள். "ஏங்க, ஊருல சொத்துக்கு அடிச்சுக்கிறாங்க, வரப்புக்கு அடிச்சுக்கிறாங்க. எம் பொறந்த வீட்டு உறவு ஒரு துண்டுக்காகவா அந்துபோகணும்?" என்றாள். "வெறும் துண்டு இல்லடி, ஈரத் துண்டு" என்றேன். குழம்புக் கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ கடைசியாக அனுப்பிய செய்தி எனக்கு மனப்பாடம். "அத்தான், நீங்க வெளிய சொல்லிட்டீங்க. சத்தியத்தை மீறிட்டீங்க. இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்." இவ்வளவுதான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, நேரே தீர்ப்பு. நான் சொல்லவில்லை மச்சான். என் மேல் ஆணையாக ஈரத் துண்டு பற்றி நான் ஒரு ஈ காக்காயிடம் கூட மூச்சு விடவில்லை. அதை நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, நடுவில் கிழிக்காதே, இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன்.

ஈரத் துண்டு என்ற, நாலே பேர் உள்ள அந்த இசைக்குழுவை முதலில் கண்டுபிடித்தது யார் என்ற பழைய சண்டையை இப்போது கிளப்ப வேண்டாம் (நான்தான்). நாம் கேட்க ஆரம்பித்தபோது அவர்களைக் கேட்பவர்கள் அறுபத்தோரு பேர். எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உனக்கு ஒரு காது எனக்கு ஒரு காது என்று மாட்டிக்கொண்டு "இன்னும் பல் தேய்க்கவில்லை" பாட்டை ஒன்பது நிமிஷமும் கேட்போம். அப்புறம் நாலு மணி வரை வாதாடுவோம். ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் வருமே, அது வாழ்க்கையில் ஒருவழியாக எழுந்து நிற்க முடிவெடுத்த ஒரு மனிதன் என்று நான் சொல்வேன். இல்லை, அவனை விட்டு யாரோ எழுந்து போகிறார்கள் என்று நீ சொல்வாய். அந்த ஒரு நாற்காலிக்காக நாம் இரண்டு ஞாயிறு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தப் பாட்டு இன்னொருத்தர் காதில் விழுந்தால் கெட்டுப்போகும் என்று, அது ஓடிக்கொண்டிருந்த போன் மேலேயே கை வைத்துச் சத்தியம் செய்தோம். போனை யாருக்கும் தராமல் தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டவன் நான்.

ஒரு நாள் அறுபத்தொன்று அறுபத்திரண்டு ஆனது நினைவிருக்கிறதா? நீ என்னைச் சந்தேகப்பட்டாய், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். உன் அலுவலகத்தில் யாரிடம் உளறினாய் என்று உன்னைக் குடைந்து எடுத்தேன். கடைசியில் அது உன் அக்கா. "ரெண்டு தடிமாடும் கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னத்தத்தான் கேக்குதுங்கன்னு போட்டுப் பாத்தேன். மொத ரெண்டு நிமிஷம் போன் ரிப்பேர்னு நெனச்சேன்" என்றாள். அன்றைக்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். இன்றைக்கும் கேட்கப் போகிறாய். மேலே படி.

என் வேலை உனக்குத் தெரியும். பதினொரு மாடிக் கட்டடம், ஆட்கள் போக மூன்று லிஃப்ட். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே இருக்கிறவரோடு பேசுவதற்கு ஒரு ஒலிபெருக்கி உண்டு. அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. எதை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. "தெளிவான ஓர் ஒலியை ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடவிட்டுக் கவனிக்கவும்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. முன்பு இருந்த மெக்கானிக் "ஹலோ ஹலோ" என்று ஐந்து நிமிஷம் கத்திக்கொண்டே மேலும் கீழும் போவாராம், அவரை மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லி இரண்டு மாடிகளிலிருந்து புகார் போயிருக்கிறது. எனக்கு அந்த நிலைமை வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் ஒவ்வொரு லிஃப்டிலும் மும்மூன்று தடவை ஈரத் துண்டைப் போட்டேன். இதில் என்ன தப்பு? லிஃப்ட் ஓர் இயந்திரம். இயந்திரத்துக்குப் பாட்டுப் போட்டால் அது சத்தியத்தை மீறியது ஆகுமா? அதுவும் இரண்டாம் எண் லிஃப்டில், நாலு பக்கமும் இரும்புத் தகடு இருப்பதால், கிட்டாரின் அடித் தந்தி ஒலிக்கிற ஒலி இருக்கிறதே, அப்பப்பா, உள்ளங்காலில் ஏறும் மச்சான். உன்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன்.

சோதனை நடக்கும்போது லிஃப்டில் ஆட்கள் ஏறுவார்கள். ஏறாதே என்று நான் சொல்ல முடியாது, அது அவர்கள் ஏறுவதற்காகத்தான் இருக்கிறது. ஏழாவது மாடியில் ஒரு விளம்பரக் கம்பெனி. அங்கே வேலை செய்கிற சுருட்டை முடி அம்மா ஒருத்தர், ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாவது மாடி வந்தும் இறங்காமல் நின்றார். மறுபடி கீழே வந்தார். மறுபடி மேலே போனார். கையில் போன் இருந்தது. இந்தக் காலத்துப் போன் பாட்டைக் காட்டினால் பேரைச் சொல்லிவிடுகிறதாம். அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? விஞ்ஞானத்தோடு சண்டைக்கா போக முடியும்? ஒரு மாதம் கழித்து மெத்தை விளம்பரத்தில் அந்தப் பாட்டு வருகிறது. ஒன்பது நிமிஷப் பாட்டை முப்பது விநாடியாக வெட்டி, நாற்காலிச் சத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழந்தை சிரிக்கிற சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள். படுபாவிகள். அறுபத்திரண்டு பேர் அடுத்த திங்கட்கிழமை நானூறு ஆனார்கள், அதற்கடுத்த வாரம் நாலு லட்சம். அன்றைக்குத்தான் உன் செய்தி வந்தது.

நீ மட்டும்தான் வேதனைப்படுகிறாய் என்று நினைக்காதே. முடிவெட்டுகிற கடைக்குப் போனேன். ஏழு எண்ணிக்கையில் போகிற பாட்டுக்கு அங்கே நாலு எண்ணிக்கையில் கை தட்டுகிறார்கள். நாற்காலியில் துணி போர்த்தி உட்கார வைத்துவிட்டதால் எழுந்து போகவும் முடியவில்லை. "அண்ணே, ஏழு" என்றேன். முடி வெட்டுகிறவர் ஏழாம் நம்பர் மெஷினை எடுத்துத் தலையில் விட்டுவிட்டார். இரண்டு வாரம் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். உன் அம்மாவை எடுத்துக்கொள். என் மாமியார், பெரியவர், குறை சொல்லக் கூடாது. அந்தப் பாட்டைப் போன் மணியாக வைத்திருக்கிறாரே! போன மாதம் இங்கே வந்திருந்தபோது அது அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவே இல்லை. "எடுங்க அத்தை, யாரோ கூப்பிடுறாங்க" என்றேன். "இருங்க மாப்பிள்ளை, பாட்டு முடியட்டும், நல்லா இருக்கு" என்றார். போன் செய்தது உன் சித்தி. மூன்று தடவை எடுக்காததால் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஆட்டோ பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த மணியை நாள் முழுவதும் நீ எப்படித் தாங்குகிறாய் என்று எனக்கு உன் மேல் உண்மையாகவே இரக்கமாக இருக்கிறது.

பல் மருத்துவரிடம் நடந்தது இன்னும் மோசம். கடைவாய்ப் பல் வலி. வாயை அகலத் திறந்து வைத்து, பஞ்சைத் திணித்து, குழாயைப் போட்டுவிட்டார்கள். உதவிக்கு நிற்கிற பெண் போட்டிருந்த பனியனில் "ஈரத் துண்டு" என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவள் மருத்துவரிடம் சொல்கிறாள், "இவங்க புதுசா வந்த பசங்க டாக்டர், போன மாசம்தான் ஆரம்பிச்சாங்க, இந்த ஒரே பாட்டுதான்." போன மாசமா! ஒரே பாட்டா! மூன்று தொகுப்பு வந்திருக்கிறது, அதில் இரண்டாவது சுமார், அது வேறு விஷயம். வாய் நிறையப் பஞ்சோடு இதை நான் எப்படிச் சொல்வது? "ஆ ஆ ஆ" என்றேன். "வலிக்குதா? இன்னொரு ஊசி போடும்மா" என்றார் மருத்துவர். இன்னொரு ஊசி போட்டார்கள். நாக்கு மரத்துப்போனது, தலையை ஆட்டி மறுத்தேன், அதில் வாய் மூடிக்கொண்டது. உள்ளே மருத்துவரின் விரல் இருந்தது. இனிமேல் அங்கே போக முடியாது. பாதி வேலை முடிந்த பல்லோடு ஒரு பக்கமாக மென்று காலம் தள்ளுகிறேன்.

இதிலிருந்து என் கருத்துகள் சிலவற்றை உனக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேறு ஆளும் இல்லை. ஒரு பாட்டை அறுபது பேர் கேட்கும்போது அது பாட்டு. ஆறாயிரம் பேர் கேட்டால் அது செய்தி. ஆறு லட்சம் பேர் கேட்டால் அது கொசு மாதிரி, எந்த அறைக்குப் போனாலும் காதுக்குள் வரும். கச்சேரிக்குப் போய் மேடையைப் பார்க்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் பார்க்கிறவர்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது, படியில் நடக்க விட வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர் அழுதால் அது நல்ல பாட்டு என்று யார் சொன்னது? எனக்கு வெங்காயம் நறுக்கினாலும்தான் அழுகை வருகிறது. நல்ல மைக் வாங்குகிற நாளில் ஒரு குழுவின் வீழ்ச்சி ஆரம்பம். கை தட்டத் தோதாக ஒரு பல்லவி வைத்தால் வீழ்ச்சி முடிந்தது. பெரிய படங்களில் நாயகன் நடந்து வருவதற்கே ஒரு பாட்டு வேண்டியிருக்கிறது. நான் பதினொரு மாடி ஏறி இறங்குகிறேன், எனக்கு யார் பாட்டுப் போடுகிறார்கள்? இதையெல்லாம் உன் அக்காவிடம் சொன்னால் "மூச்சு முட்டுது, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க" என்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் இரண்டாம் எண் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. யாரோ டிரம் தாங்கியைக் கதவில் சாய்த்திருக்கிறார்கள், ஓடும்போது கதவு அரை விரல் விலகினாலும் அது நின்றுவிடும். நான் மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறைக்கு ஓடி ஒலிவாங்கியை எடுத்தேன். "பயப்படாதீங்க, எத்தனை பேர் இருக்கீங்க?" என்றேன். "நாலு பேருண்ணே" என்று ஒரு குரல் வந்தது. மூக்கடைத்த குரல். சளி பிடித்த மாதிரி, ஆனால் சளி இல்லை. மூன்று வருஷமாக அந்த மூக்கை எனக்குத் தெரியும். "தம்பி, 'பல் தேய்க்கவில்லை'ன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். "எதுக்குண்ணே?" என்றான். "சோதனைக்கு" என்றேன். சொன்னான். அவன்தான்! ஏழாவது மாடிக்கு அடுத்த விளம்பரத்துக்காக வந்திருக்கிறார்கள்.

கைச் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடிக்கு இழுத்துவர ஆறு நிமிஷம் ஆகும். எனக்கு நாற்பத்து மூன்று நிமிஷம் ஆனது. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சுற்றலாம் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைக் கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், நீயே கேட்பது போலத்தான் கேட்டேன். டிரம் அடிக்கிறவன் சொன்னான், "அதுவாண்ணே? மேல் வீட்டுல சாப்பிட உக்காந்தாங்க." பாடுகிறவன், "அதை எடுக்கத் தெரியலண்ணே, அப்படியே விட்டுட்டோம்" என்றான். மச்சான், நீ சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. பாடினவனுக்குத் தன் பாட்டின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை, அதையும் அவனிடமே விளக்கினேன். அங்கே ஆரம்பித்தது. மைக் பற்றிச் சொன்னேன், பல்லவி பற்றிச் சொன்னேன், நடுவர் அழுவதைப் பற்றிச் சொன்னேன், இரண்டாவது தொகுப்பு ஏன் சுமார் என்று பாட்டுப் பாட்டாகச் சொன்னேன், குழந்தைச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரிண்ணே, ஆனா இவனுக்கு அவசரமா வருது" என்றான் பாடுகிறவன். "இன்னும் மூணே மூணு விஷயம்" என்றேன்.

"விளம்பரத்துக்கு ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டபோது அவன் குரல் மாறிவிட்டது. "அண்ணே, மூணு வருஷமா அறுபத்தோரு பேருக்குப் பாடினோம். அதுல நாலு பேரு எங்க அம்மாங்க. அறுபத்திரண்டாவதா ஒருத்தர் வந்தப்ப நாங்க கேக் வெட்டினோம்ணே" என்றான். மச்சான், அது உன் அக்கா. போன் ரிப்பேர் என்று நினைத்த உன் அக்காவுக்காக நாலு பசங்க கேக் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் அவனே சொன்னான். "பிரிஞ்சிடலாம்னு ரெண்டு தடவை முடிவு பண்ணினோம்ணே. ஆனா யாரோ ஒரு ஆளு, செவ்வாய்க்கிழமை காலையில, சரியா ஒம்போது தடவை கேப்பாரு. ஒரு வாரம் கூட விட்டதில்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளு நிறுத்தட்டும், அப்புறம் நாம நிறுத்தலாம்னு தள்ளிப் போட்டோம். யாருன்னே தெரியல."

நான் அழுதுவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை, மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். கிரீஸ் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி, ஐந்தாவது மாடிக்கு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். முகமெல்லாம் கறுப்பாக என்னைப் பார்த்ததும் நாலு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஒட்டிக்கொண்டார்கள். "நான்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை" என்றேன். டிரம் அடிக்கிறவன் மட்டும் என்னைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினான். மற்ற மூவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாடுகிறவன் நேரில் பார்க்க உன்னை மாதிரியே இருக்கிறான், கொஞ்சம் ஒல்லி, சாப்பாட்டைச் சரியாகக் கவனிக்காத ஆள்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம், மெஷின் அறையில் பேசுவது லிஃப்டுக்குள் மட்டும் கேட்காது, கீழே காவலாளி மேஜையிலும் கேட்கும். தெரியாது என்று சொல்லக் கூடாது, இணைத்தவனே நான்தான், அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். கட்டடத்தில் பாதிப் பேர் கீழே கூடி நின்று நாற்பத்து மூன்று நிமிஷமும் கேட்டிருக்கிறார்கள். நடுவர் அழுகிற இடத்துக்குக் கை தட்டினார்களாம். மேனேஜர் தட்டவில்லை. "அவசர காலத்தில் பயணிகளிடம் இசை விமர்சனம் செய்தது ஏன் என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவும்" என்று ஓலை வந்திருக்கிறது. விளக்கம் எழுதக் காகிதம் வாங்கியதில் மிச்சம் இருந்ததில்தான் உனக்கு எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு எனக்குச் சாமான் ஏற்றுகிற பின்பக்க லிஃப்ட் மட்டும்தான். அதில் ஒலிபெருக்கியே கிடையாது. மற்ற மூன்றிலும் இப்போது மேனேஜர் உத்தரவுப்படி நாள் முழுவதும் அந்த முப்பது விநாடி மெத்தைப் பாட்டு ஓடுகிறது. குழந்தை சிரித்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இன்று முதல் நான் யாருக்கும் ரசிகன் இல்லை. ரசிகனாக இருந்ததில் என்ன கண்டேன்? ஒரு பல் போனது, முடி போனது, மூன்று லிஃப்ட் போனது, ஒரு மச்சானும் போனான். இனிமேல் வானிலை அறிக்கை மட்டும் கேட்பேன், அதற்குக் கை தட்ட யாரும் வர மாட்டார்கள். ஈரத் துண்டின் மூன்று தொகுப்புகளையும் போனிலிருந்து அழித்துவிட்டேன். மேலே எழுதியதிலிருந்து நான் குற்றமற்றவன் என்பது உனக்குப் வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருக்கும். சோதனை செய்தது என் கடமை, பேரைக் கண்டுபிடித்தது போன், பாட்டை வெட்டியது விளம்பரக்காரர்கள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீதான் அவசரப்பட்டாய். நீ மன்னிப்புக் கேட்டு எழுதினால், வயதில் மூத்தவன் என்ற முறையில் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வேன். கேட்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். சித்தியிடம் ஆட்டோவில் விட்டுப்போன குடையை அந்த ஆட்டோக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொல். உனக்கு நல்ல உடம்பும், நல்ல தூக்கமும், கூட்டம் இல்லாத பாட்டும் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மை தவிர வேறொன்றும் எழுதாத,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "எல்லாம் சரி, அந்தச் சுருட்டை முடி அம்மா போன்ல பாட்டுப் பேரு வந்துச்சா, வரலியா? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். வரவில்லை மச்சான். அறுபத்திரண்டு பேர் கேட்கிற பாட்டு எந்தப் போனுக்குத் தெரியும்? "கண்டுபிடிக்க முடியவில்லை" என்றுதான் வந்தது. அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏங்க, இது யார் பாட்டு? ரொம்ப நல்லா இருக்கே" என்றார். பதினெட்டு வருஷமாக லிஃப்டில் ஏறுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான், "எப்ப சரியாகும்?" வேறு எதையாவது என்னிடம் கேட்டது உலகத்தில் நீ ஒருத்தன்தான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். பேரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஏழாவது மாடி வந்ததும் கதவு மூடாமல் காலை வைத்துக்கொண்டு மூன்று தொகுப்பையும் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், பாடியும் காட்டினேன். நான்தான் சொன்னேன் மச்சான். சத்தியத்தை மீறியது நான்தான். மன்னித்துவிடு. தொகுப்புகளை அழிக்கவும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, உன் அக்கா எப்போதும் போல மூன்று பேருக்குத்தான் சமைக்கிறாள். இன்னொன்று, நேற்று ஒரு புதுக் குழு கண்ணில் பட்டது. கேட்பவர்கள் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். பாட்டு பதினான்கு நிமிஷம், நடுவில் யாரோ தும்முகிறார்கள். பேரைச் சாமான் லிஃப்டில் ஏறுகிற பால்காரரிடம் இன்றைக்குக் காலையில் சொல்லவே வாயெடுத்துவிட்டேன், எப்படியோ அடக்கிக்கொண்டேன். ரொம்ப நாள் தாங்காது. சீக்கிரம் வா.